வால் இடிக்கிறதா?

கென்யன் ஃபால்ஸ், ஒஹாயோ
1957 செப்டம்பர் 22, ஞாயிறு

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

ஹார்லன் எழுதுவது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது. எனக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் வயிறு எப்படி? கால்வர்ட் கார்களின் தலைமை அலுவலகத்தில் பதினான்காம் மாடியில் இருப்பவருக்கு வயிறு கெட்டால், நாடு முழுக்க டீலர்களுக்குத் தூக்கம் கெடும் என்று அவரிடம் சொல்.

வியாழக்கிழமை புது மாடலைத் திறந்து காட்டினோம். இரண்டு வாரமாக ஷோரூம் கண்ணாடி முழுவதும் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தேன். வண்டிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து இறங்கின. காகிதத்தில் ஒரு மூலையில் மட்டும் ஒரு கண் அளவுக்குக் கிழிசல் இருந்தது. அதை நான்தான் கிழித்து வைத்தேன். ஊரே முறை வைத்து வந்து எட்டிப் பார்த்தது. மாலை ஆறு மணிக்குப் பள்ளி பாண்டு வாத்தியம் முழங்கக் காகிதத்தை உரித்தேன். நானூறு பேர் இருந்தார்கள். டோனட் முந்நூறுதான் இருந்தது. நான் மாமனாரிடம் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆறு கால்வர்ட் விற்றோம். போன வருஷம் எண்பத்திரண்டு.

இந்த வருஷ வண்டியின் பின்பக்கம் மீன்துடுப்புபோல நீளும் வால் போன வருஷத்தைவிட ஏழு அங்குலம் கூடுதல். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதல் வண்டியை மருந்துக்கடை ஆர்விட் லிண்ட்குவிஸ்ட் எடுத்தார். வீட்டுக் கொட்டகைக் கதவு மூடவில்லையாம். கதவைக் கழற்றிவிட்டார்.

நம் தேவாலய வாசலில் வண்டி நிற்கும் முறை உனக்குத் தெரியும். பைலட், கால்வர்ட், லாரிமர் மூன்றும் நம் கம்பெனி வண்டிகள்தான், ஆனால் விலை படிப்படியாக ஏறும். வேலியோரம் பைலட்: புது வாத்தியார், பால்பண்ணைக் குமாஸ்தா. நடுவரிசையில் கால்வர்ட்: சொந்தக் கடை வைத்தவர், வங்கியில் பதவி உயர்ந்தவர். படிக்கட்டுக்குப் பக்கத்தில் லாரிமர்: டாக்டர் ஹூபர் ஒருவர் மட்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. பாஸ்டரே வேலியிலிருந்து நடுவரிசைக்கு வரப் பதினோரு வருஷம் ஆனது.

இன்று ஆர்விட் என் வண்டிக்குப் பக்கத்தில் பின்பக்கமாக வந்தார். தலையை வெளியே நீட்டி, "ஹார்லன், வால் இடிக்குதா?" என்றார். "இடிக்கல, வாங்க வாங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து நிறுத்தினார். கல்சுவருக்கும் வாலுக்கும் நான்கு அங்குலம்.

உன் அண்ணி ஆர்டிஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஹார்லன்

*

டெட்ராய்ட்
1957 அக்டோபர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெர்னா எழுதிக்கொள்கிறேன். எங்களுக்குச் சளி வந்து போயிற்று. அவருடைய வயிறு நன்றாக இருக்கிறது. நேற்று ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மிகவும் சந்தோஷப்பட்டார். நீ தவறாக நினைக்காதே, நான் எழுதும் கடிதங்களை அவர்தான் அலுவலகம் போகும் வழியில் தபாலில் போடுகிறார். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படிப்பார். தலைமை அலுவலகத்தார் வீட்டிலிருந்து போகும் காகிதத்தில் பிழை இருக்கக் கூடாதாம். போன கடிதத்தில் 'விற்பனை' என்று நான் எழுதியதை 'பெருகிவரும் விற்பனை' என்று திருத்தினார்.

1960-ஆம் வருஷ வண்டிக்கு வால் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினார்.

இன்னும் இரண்டு வருஷத்தில் அவருக்கு இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடிகிறது. பென்ஷனும் ஒரு கைக்கடிகாரமும் தருவார்கள். அதன்பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீடு பார்க்கலாம் என்கிறார். ஒரு நாள் முன்னதாகப் போனாலும் கடிகாரம்கூடக் கிடையாதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்புடன்,
வெர்னா

*

கென்யன் ஃபால்ஸ்
1958 ஜனவரி 26

அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. முழங்கால் வலி போகவில்லை, ஆனால் வீடு முழுக்கக் கற்பூர வாசனை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

டிசம்பரில் மூன்று வண்டி விற்றேன். அதில் ஒன்றை வாங்கியவர் ஆர்டிஸின் தம்பி. ஜனவரியில் இதுவரை ஒன்றுமில்லை. பனி என்று சொல்லலாம். ஆனால் பனி எல்லா ஜனவரியிலும்தான் பெய்கிறது.

வங்கியில் மெர்லின் டாட் உதவி மேலாளர் ஆனார். உதவி மேலாளர் ஆனவர் மறுவாரம் என் கடைக்கு வருவது இந்த ஊரில் சூரியன் உதிப்பதுபோல. ஆர்டிஸ் கேக் செய்து வைத்தாள். அவர் பைலட் வாங்கியிருக்கிறார், வெர்னா. நானே போய்க் கேட்டேன்.

"என்ன மெர்லின், பதவி உயர்வுன்னு கேள்விப்பட்டேன், பொய்யா?"

"நெசம்தான் ஹார்லன். ஆனா இந்த வருஷ பைலட்டப் பாத்தியா? உன் கால்வர்ட் அளவுக்கு நீளம், அதே வால். மிச்சத்துக்கு ஒரு படகு வாங்கிட்டேன்."

"படகுல தேவாலயத்துக்கு வருவியா?"

சிரித்துவிட்டுப் போனார். ஆனால் இன்று வேலியோரம் நிறுத்தாமல் நடுவரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வண்டிக்குக் கீழே இருக்கவேண்டியதை என் வண்டி அளவுக்கு வளர்த்துவிட்டது நம் கம்பெனியே. அங்கே யாரும் நாடா வைத்து அளந்து பார்க்கவில்லையா? மாப்பிள்ளையிடம் சும்மா கேட்டுப் பார்.

அண்ணன்,
ஹார்லன்

*

டெட்ராய்ட்
1958 மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நான் நலம். அவர் இப்போது பாலும் ரொட்டியும் மட்டும் சாப்பிடுகிறார். டாக்டர் குளிர்காலத்தால் என்கிறார்.

சமையலறைக்கு மஞ்சள் திரை போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ரூடி கெஸ்லர் உனக்கு நினைவிருக்கும். போன கோடையில் நீ வந்தபோது இறைச்சி சுட்டாரே, அவர். கம்பெனியில் பத்தொன்பது வருஷம். அவருடைய மைத்துனர் இண்டியானாவில் கால்வர்ட் டீலர். அவரிடம் போனில் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. சொன்னார் என்பது மட்டும் தெரியும். செவ்வாய் மதியம் அவர் மேசையை ஒழுங்குபடுத்தினார்கள். 'காலி செய்தார்கள்' என்று எழுதியிருந்தேன், எங்கள் வீட்டுக்காரர்தான் திருத்தினார். புதன்கிழமை ஒருவர் வந்து வாசலில் நின்ற கம்பெனி காரை ஓட்டிப்போனார். அதில் ரூடியின் மகளுடைய பனிச்சறுக்குக் காலணி இருந்தது. திரும்பி வரவில்லை.

அதன்பிறகு பதினான்காம் மாடியில் எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். பால் ஆறிவிட்டது என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னா

*

கென்யன் ஃபால்ஸ்
1958 ஏப்ரல் 20

அன்புள்ள வெர்னா,

நலம் விசாரிப்பதை இந்தமுறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாயன்று ஃபின்ச் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஃபின்ச் தெரியுமல்லவா, அந்தச் சின்ன வண்டி. உள்ளே ஏறுவதற்குத் தொப்பியைக் கழற்றவேண்டும். என் ஷோரூமைக் காலடி வைத்து அளந்தார்.

"உங்க ஹால்ல கால்வர்ட் ஆறு நிக்குது, மிஸ்டர் டீட்ஸ். எங்க வண்டி பதினொண்ணு நிக்கும்."

"பொம்மை வச்சா முப்பதுகூட நிக்கும் தம்பி."

"பொம்மைதான் சார் இந்த வருஷம் விக்குது."

இந்த மாவட்டம் முழுவதற்கும் ஃபின்ச் டீலர் உரிமையை எனக்குத் தருகிறார்கள். ஜூன் ஒன்றுக்குள் பதில் வேண்டும். நான் வேண்டாம் என்றால் எதிர்க்கடையில் டிராக்டர் விற்கும் டெல்பர்ட் ஸ்டாக்குக்குப் போய்விடும். ஆனால் கால்வர்ட் ஒப்பந்தப்படி அதே கூரையின் கீழ் வேறு வண்டி நிற்கக் கூடாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். இருபத்தேழு வருஷம் ஆயிற்று. என் பட்டறையில் பதினோரு பேர். ஒருவனுக்கும் டிராக்டர் பக்கத்தில் வேலை கிடைக்காது. எனக்கும் கிடைக்காது.

எனக்கு வேண்டியது ஒரே வார்த்தை. கால்வர்ட் இருக்குமா, இருக்காதா? மாப்பிள்ளைக்குத் தெரியும். நான் எண்ணிப் பார்க்கிறேன், ஆறு மாதமாக அவருடைய வயிறு ஆப்பிள் பையிலிருந்து பாலுக்கு வந்திருக்கிறது. போன் செய்யாதே, எங்கள் லைன் பக்கத்து வீடுகளுக்கும் பொது, அதில் மிஸஸ் எபர்லி எப்போதும் காதை வைத்திருப்பாள். அவள் கேட்டால் மாலைக்குள் ஊர் கேட்கும், ஊர் கேட்டால் ஒரு வண்டி விற்காது.

நீங்கள் நலமா?

ஹார்லன்

*

டெட்ராய்ட்
1958 மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். டூலிப் பூத்துவிட்டது. மஞ்சள் திரை வெயிலில் வெளுத்துவிட்டதால் நீலம் வாங்கியிருக்கிறேன். அண்ணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

இங்கே விசேஷம் ஒன்றுதான். கால்வர்ட் பிரிவில் வேலை பார்ப்பவர் கால்வர்ட்தான் ஓட்டவேண்டும், வேறு வண்டியில் வந்தால் காவலாளி கதவைத் திறக்கமாட்டான். உனக்கே தெரியும். இருபத்துமூன்று வருஷமாக எங்கள் வாசலில் கால்வர்ட்தான் நின்றது. இந்தத் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஒரு லாரிமர் கொடுத்திருக்கிறார்கள். சாம்பல் நிறம். அந்த மாடியில் எட்டுப் பேருக்கு இப்படிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசுவதில்லை. காலையில் திரையை விலக்கினால் அது நிற்கிறது. நான் திரையை மூடிவிடுகிறேன்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று யோசித்துப் பார்ப்பாய் என்று நம்புகிறேன். நிதானமாகப் படி, அண்ணா.

வெர்னா

*

கென்யன் ஃபால்ஸ்
1958 மே 18

என் அருமைத் தங்கைக்கும் லாரிமர் மாப்பிள்ளைக்கும்,

எங்கள் இருவரின் வாழ்த்துகள்! ஆர்டிஸ் அழுதுவிட்டாள். நீ சொன்னபடி நிதானமாகத்தான் படித்தேன். மூன்றுமுறை படித்தேன். லாரிமர்! நம் குடும்பத்தில்! இதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை எழுதாமல் விட்டாயே, உன் அடக்கம் அம்மாவைப் போல.

நான் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. மூழ்கப்போகும் பிரிவிலிருந்து ஒருவரைத் தூக்கி லாரிமரில் உட்காரவைப்பார்களா? கால்வர்ட் திடமாக இருக்கிறது, அதனால்தான் அதை நடத்துபவர்களுக்கு மரியாதை.

செவ்வாய்க்கிழமை வணிகர் சங்கத்து மதியச் சாப்பாட்டில் எழுந்து சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். டாக்டர் ஹூபர் என் கையைப் பிடித்து, "எந்த நிறம்?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அன்று மாலையே இரண்டு பேர் கால்வர்ட் பதிவு செய்தார்கள்.

புதன்கிழமை ஃபின்ச்காரர் வந்தார்.

"யோசிச்சீங்களா, மிஸ்டர் டீட்ஸ்?"

"எங்க மாப்பிள்ளை லாரிமர்ல போறாரு தம்பி" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவைக் கடந்து போனார். என் காபி ஆறுவதற்குள் டெல்பர்ட் கையெழுத்துப் போட்டுவிட்டான். போகட்டும், பாவம்.

மாப்பிள்ளை இனிமேல் பாலை விட்டுவிட்டு இறைச்சி சாப்பிடலாம்.

பெருமையுடன்,
ஹார்லன்

*

1958 மே 22, வியாழன்

அண்ணா,

இதை மளிகைக் கடைக் காகிதத்தில் எழுதுகிறேன். நானே நடந்துபோய்த் தபாலில் போடுகிறேன். அவருக்குத் தெரியாது.

கால்வர்ட்டை நிறுத்துகிறார்கள். இலையுதிர் காலத்தில் அறிவிப்பு. அந்த எட்டுப் பேரை வேறு பிரிவுக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள், கணக்கை முடிக்க ஆள் வேண்டும் என்பதற்காக. மற்ற நூற்றிருபது பேருக்கு இன்னும் தெரியாது.

ஃபின்ச் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நீ சங்கத்தில் பேசியதைக் கேட்டு ஜனங்கள் வாங்குகிறார்கள். நிறுத்திய மறுநாள் அந்த வண்டியைப் பாதி விலைக்கும் யாரும் கேட்கமாட்டார்கள். என் பேரைச் சொல்லி விற்காதே.

யாரிடமும் சொல்லவும் சொல்லாதே. ஒருவர் சொன்னாலும் அவர் மேசைவரை வந்துவிடும். பென்ஷனுக்கு இன்னும் பதினாறு மாதம்தான் இருக்கிறது.

இதை எரித்துவிடு. பதிலில் இதைப்பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். உன் கடிதங்களை நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

வெ.

*

கென்யன் ஃபால்ஸ்
1958 ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். இந்த வருஷம் சோளம் நல்ல உயரம். ஆர்டிஸின் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஜூன் மாதம் அடுப்பை ஒருமுறை பற்றவைத்தோம். வெயிலில் எதற்கு என்று ஆர்டிஸ் கேட்டாள், பழைய காகிதம் என்றேன்.

கடையில் ஒரு விநோதம். எனக்கு வயதாகிவிட்டதோ என்னவோ, கால்வர்ட் கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. பள்ளி முதல்வரிடம், "உங்க கொட்டகைக்கு நீளம் சார்" என்றேன். கொட்டகையை நீட்டிவிட்டு வந்தார். பாஸ்டரின் தங்கையிடம் நிறம் சீக்கிரம் மங்கும் என்றேன். "மங்கட்டும், நானும் மங்கிட்டுதான வரேன்" என்றார். நான் தகுதி பார்த்துத்தான் வண்டி தருகிறேன் என்று ஊரில் பேச்சு. முன்பெல்லாம் காசு இருந்தால் போதும், இப்போது ஹார்லன் சம்மதிக்கவேண்டும் என்கிறார்களாம். ஏழு வாரத்தில் எட்டு வண்டி போய்விட்டது.

ஒன்பதாவது ஆர்விட் லிண்ட்குவிஸ்ட். மகள் ஜாய்ஸுக்குக் கல்யாணம். வரப்போகும் பையனுக்குக் கால்வர்ட் தரவேண்டுமாம்.

"ஆர்விட், வேணாம். அந்தப் பையனுக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? எதிர்ல டெல்பர்ட் கிட்ட ஒரு ஃபின்ச் வாங்கிக் கொடுங்க."

"ஏன், அவன் கால்வர்ட்டுக்கு லாயக்கில்லாதவனா?"

"அப்படிச் சொல்லலீங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னுதான்."

"உன் மாப்பிள்ளை லாரிமர்ல போவாரு, என் மாப்பிள்ளை டப்பால போகணுமோ? முப்பது வருஷமா உன் இருமலுக்கு மருந்து கொடுக்கிறேன்டா நான்."

சாவியைக் கொடுத்தேன். அதற்குள் இரண்டுமுறை கீழே போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னார். அவ்வளவு நல்ல மனிதர்.

வெயில் அதிகம். ஜாக்கிரதை.

ஹார்லன்

*

கென்யன் ஃபால்ஸ்
1958 அக்டோபர் 19

அன்புத் தங்கைக்கு,

ஜூலைக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு வெண்கலப் பட்டயம் வந்தது. நாட்டிலேயே கால்வர்ட் விற்பனை கூடிய ஒரே ஊர் எங்கள் ஊர்தானாம். சுவரில் மாட்டியிருக்கிறேன், முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு, அதனால் அந்தப் பக்கம் போவதில்லை.

வியாழக்கிழமை திறப்பு நாள். வழக்கம்போல இரண்டு வாரம் காகிதம் ஒட்டினேன், இந்தமுறை கிழிசல் இல்லாமல். உள்ளே தார்ப்பாய்க்குள் இரண்டு வண்டி. நாலு மணிக்குத் தந்தி வந்தது. எல்லா டீலர்களுக்கும் ஒரே வாசகம். உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு வெளியே பாண்டு வாத்தியக்காரர்கள் கருவிகளைச் சரிபார்ப்பது கேட்டது. காகிதத்தில் மனிதர்களின் நிழல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு அதைக் கிழிக்கக் கை வரவில்லை, வெர்னா. அந்தக் காகிதம்தான் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கடைசியாக இருந்தது. ஆர்டிஸ்தான் நொண்டிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"கால்வர்ட் இனிமே வராது. கம்பெனி நிறுத்திருச்சு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "வேணாம்னு சொல்லி விக்கிறதுல இது புது மாடலா ஹார்லன்?" என்று மெர்லின் டாட் கத்தினார். தந்தியைப் படித்தேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தார்கள். இந்தமுறை டோனட் ஐந்நூறு வாங்கியிருந்தேன்.

ஆர்விட் மட்டும் நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்கு நாலு மணிக்கு."

தலையாட்டினார். கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

"அப்போ ஜூலைல எங்கிட்ட எதுக்கு வேணாம்னு சொன்ன?"

நான் தந்தியை மடித்தேன். ஆர்டிஸ் டோனட் பெட்டியை நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று தேவாலயத்தில் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு வருவார். அந்த ஒன்பது பேரும் வருவார்கள். ஜூலையில் ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்படுகிறது. பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. இதுவரை பொய்யெல்லாம் கம்பெனியே அச்சடித்து அனுப்பியது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

ஹார்லன்

*

டெட்ராய்ட்
1958 அக்டோபர் 25

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள்.

ஜூலைக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் வேணாம்னு சொல்லியா விக்கிறாரு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என்னை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் காலையில் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் எழுதாத" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம். வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் இருவரும் கரண்டியைக் கீழே வைப்போம்.

நேற்று எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணக்கு முடிந்துவிட்டதாம். லாரிமரை எடுத்துப்போக ஒருவர் வந்தார். இவரே சாவியைத் துடைத்துக் கொடுத்தார். பென்ஷன் இல்லை. கடிகாரமும் இல்லை.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். மே மாதம் லாரிமர் விஷயத்தை எழுதச் சொன்னது அவர்தான். "வாயத் தெறக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்ட மனுஷன் இதுக்குமேல தெளிவா சொல்ல முடியாது. உங்க அண்ணன் டீலர், படிச்ச உடனே புரிஞ்சுக்குவாரு" என்றார். உன் வாழ்த்து வந்த அன்றைக்குத்தான் அவருடைய வயிறு முழுதாகக் கெட்டது.

இனி மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. ஆர்விட் கேட்டால் சொல்லிவிடு, மே மாதமே தெரியும் என்று. யாருக்காகச் சொல்லவில்லை என்பதையும் சொல். இந்தக் கடிதத்தை அவர்தான் நடந்துபோய்த் தபாலில் போடுகிறார். படித்துவிட்டார். ஒன்றும் திருத்தவில்லை.

வெர்னா

*

கென்யன் ஃபால்ஸ்
1958 நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள வெர்னாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

மாடி அறையை ஆர்டிஸ் சுத்தம் செய்துவிட்டாள். வந்துவிடுங்கள். மாப்பிள்ளைக்குப் பால் இங்கே வீட்டுக்கே வரும்.

என் ஆட்கள் பதினோரு பேரில் நான்கு பேரை டெல்பர்ட் எடுத்துக்கொண்டான். ஐந்தாவதாக நான் போகிறேன், நாளை முதல் எதிர்க்கடையில் ஃபின்ச் விற்க. "டை கட்டிட்டு வா. நீ டை கட்டி நின்னா ஜனங்க பெரிய வண்டின்னு நினைப்பாங்க" என்றான்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். ஆர்விட் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம், உன் கடிதம், அடுப்பு. சொல்லி முடித்தபோது அவருக்கு எண்ணிக்கை தவறியிருந்தது. தட்டில் கொட்டி முதலிலிருந்து எண்ணினார்.

"உன் மாப்பிள்ளை வேலை போயிருச்சா?"

"போயிருச்சு."

"அதுக்காகத்தான் வாயத் தெறக்கலையா?"

"ஆமா."

"ம்" என்றார். மூடியைத் திருகி, பெயர்ச்சீட்டு ஒட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இன்று நான் சீக்கிரமே போய் நடுவரிசையில் நிறுத்தினேன். பள்ளி முதல்வர் வந்தார். வேலியோரம் போய் நிறுத்தினார். பாஸ்டரின் தங்கை வேலியோரம். ஒருவர் பின் ஒருவராக எல்லாக் கால்வர்ட்டும் வேலியோரம் போயின. ஜாய்ஸும் அவள் கணவனும்கூட. நடுவரிசையில் என் வண்டியும் மெர்லின் டாட்டின் பைலட்டும் மட்டும். நான் உள்ளே போகவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் வண்டி அருகில் நின்றேன்.

மணி அடித்த பிறகு ஆர்விட் வந்தார். வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கத்து இடத்துக்கு, வழக்கம்போல, பின்பக்கமாக வரத் தொடங்கினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். தலையை வெளியே நீட்டினார்.

"வால் இடிக்குதா?"

குனிந்து பார்த்தேன். கல்சுவருக்கும் வாலுக்கும் நல்ல இடைவெளி.

"இடிக்கல, வாங்க வாங்க" என்றேன்.

வண்டியைப் பாதியில் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். பின்பக்கம் நடந்துபோய், குனிந்து, அவரே பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

பஸ்ஸில் வரும்போது கம்பளி போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கிவிட்டது.

உன் அண்ணன்,
ஹார்லன்